மோட்டார் பட்டறைக்குள் இருக்கும்போதும் வாசலைத் தாண்டிய பிறகும்

என் பட்டறையில் மேற்குச் சுவரோரம் 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று நான்கு மாதமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் கழுத்தில் வைண்டிங் கம்பியால் ஓர் அட்டைத் துண்டைக் கட்டியிருக்கிறேன். பெயர், ஊர், தேதி எல்லாம் மை மங்கிவிட்டன. 7,400 என்ற தொகை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கருகிய கம்பிச் சுருளான காயிலை உருவி எடுத்து, அது உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கையாலேயே இழுத்துக் கட்டிய வேலை அது. இரண்டு நாள் பிடித்தது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றினேன். தாமிரக் கம்பிக்கு டவுனில் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினேன். உரிமையாளர் வந்து பார்த்தார். “அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாமே” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்தின் சேரன்மகாதேவி வட்டாரத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு மோட்டாராவது இருக்கும். மிக்சி, கிரைண்டர், டி.வி. பழுதுபார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். வேலை முடிந்தபின் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். இருபது வருடத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்துவிட்டேன். பொருள் நம் கையில் இருக்கும்போது உள்ள வழிகள் வேறு, வாசலைத் தாண்டிய பிறகு உள்ள வழிகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர்கள் அடிபடுகிறார்கள்.

பொருள் உள்ளே இருக்கும்போது முதல் வழி, பணம் வரும்வரை கொடுக்காமல் வைத்திருப்பது. இது அடாவடி என்று வாடிக்கையாளர் கத்துவார். அடாவடி அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம் என்கிறது. வைரத்துக்குப் பட்டை தீட்டிய தொழிலாளியைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. வைரத்துக்கு உள்ள நியாயம் மோட்டாருக்கும் உண்டு.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லைகள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரியாது. எந்தப் பொருளில் வேலை செய்தோமோ அந்தப் பொருளை மட்டுமே பிடித்து வைக்கலாம். போன வருடம் கட்டிய கிரைண்டருக்குப் பாக்கி இருக்கிறது என்று இந்த வருடம் வந்த மோட்டாரை நிறுத்தி வைக்கக் கூடாது. அடுத்து, “அறுப்பு முடிந்ததும் கொடுங்கள்” என்று முதலிலேயே தவணைக்கு ஒப்புக்கொண்டிருந்தால், பிறகு மனம் மாறிப் பிடித்து வைக்க முடியாது. அதே சட்டத்தில், மூன்று மாதக் கடனுக்கு ஒப்புக்கொண்ட தையல்காரர் தைத்த கோட்டைத் தராமல் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது, வைத்திருக்கத்தான் உரிமை. விற்க உரிமை இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுக் காசாக்கினால் பழி நம் தலையில்தான் விழும். வைத்திருக்கும் காலத்தில் நம் சொந்தப் பொருளைப் போல அதைக் காப்பாற்றவும் வேண்டும். மழையில் போட்டுத் துருப்பிடிக்கவிட்டுவிட்டு முழுக் கூலி கேட்பது நியாயமும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வழி, நோட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவது. நம் பகுதியில் இதை முட்டாள்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இங்கே பணம் மாதாமாதம் வருவதில்லை. கார் நெல் அறுப்பில் ஒருமுறை, பிசான நெல் அறுப்பில் ஒருமுறை, வாழைத்தார் வெட்டும்போது ஒருமுறை என்றுதான் விவசாயியின் கைக்கு வருகிறது. கன்னடியன் கால்வாய் பாயும் வயலுக்கு மோட்டார் இரண்டு வாரம் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் களக்காட்டுப் பக்கத்து வாழைக்கு அப்படி இல்லை. குலை தள்ளும் நேரத்தில் தண்ணீர் நின்றால் தார் சிறுத்துப் போகும். பிறகு நமக்குக் கொடுப்பதற்கும் அவரிடம் ஒன்றும் இருக்காது. ஒரு சித்திரை மாதத்தில் பெரியவர் ஒருவர் காய்ந்து சுருண்ட வாழை இலையைக் கையில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதித் தொகை வாங்கிக்கொண்டு மோட்டாரை வண்டியில் ஏற்றினேன். மீதியை இரண்டு தடவையாகக் கொடுத்துத் தீர்த்தார். அதே வருடம் இன்னொருவரை நம்பி வெறுங்கையோடு கொடுத்த மோட்டாருக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

இருவருக்கும் இடையே நான் கண்ட வித்தியாசம் ஆளின் குணம் மட்டும் அல்ல. பெரியவரிடம் பாதிப் பணமும் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மற்றவரிடம் இரண்டும் வாங்கவில்லை. ஆகவே என் தீர்ப்பு இது: பணம் இல்லாதவருக்குப் பாதி வாங்கிக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். பணம் இருந்தும் தர மனமில்லாதவருக்குக் கொடுக்கவே கூடாது. எழுதுவது நான்கு வரி போதும். என்ன வேலை, மொத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கியை எந்தத் தேதிக்குள் தருவார். அடியில் அவர் கையெழுத்து. நம் நோட்டில் நாமே எழுதிக்கொள்வது நம் ஞாபகத்துக்கு உதவும்; கோர்ட்டில் அவ்வளவாக நிற்காது.

“இவ்வளவு கூலி ஏன்?” என்று கேட்பவர் மூன்றாவது வகை. அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டித் தண்ணீரில் மோட்டாரை இறக்கி, அவர் கண்ணெதிரே ஓடவிட்டு, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டி மூன்று பேஸிலும் ஆம்பியர் ஒன்றுபோல வருவதைக் காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். மாற்றிய பழைய புஷ்ஷையும் கருகிய கம்பியையும் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பழைய தாமிரம் யாருக்கு என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். அதற்கும் விலை உண்டு. அதில் கிளம்பும் மனக்கசப்புதான் பல நேரம் கூலித் தகராறாக மாறுகிறது.

கோபத்தில் சிலர் காயிலை வெட்டி எடுத்துவிட்டு, வந்த நிலையிலேயே மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பேரிங்கைக் கழற்றினால் இன்னொரு மோட்டாருக்கு ஆகும். வெட்டிய காயில் பழைய தாமிரமாகத்தான் போகும். உழைப்பும் போய், பொருளைச் சேதப்படுத்தினான் என்ற பேச்சும் வரும். இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மோட்டார் வாசலைத் தாண்டிக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், பிடித்து வைக்கும் உரிமையும் அதோடு போய்விடும். இரவில் போய்க் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பும் இளைஞர்களைத் தடுத்திருக்கிறேன். பாக்கிக்காரர் புகார்தாரர் ஆகிவிடுவார், உழைத்தவன் திருடன் ஆகிவிடுவான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பதும் எனக்கு ஒப்பாத வழி. மானம் போன மனிதர் பணத்தையும் தர மாட்டார், அந்த ஊரிலிருந்து அடுத்த மோட்டாரும் வராது. வீட்டுக்குப் போய், வெளியில் வைத்துத் தனியாகக் கேட்பதே மேல். ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுவது, இருவரும் ஒரே ஊர்க்காரராகவோ ஒரே கோயில் கொடைவிழாவுக்கு வரி கொடுப்பவராகவோ இருந்தால் நன்றாகவே பலிக்கிறது. வெளியூர்க்காரரிடம் பலிப்பதில்லை. போலீசுக்குப் போனால், கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

கோர்ட் என்றதும் இரண்டு வாசல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டால் வக்கீல் கூலி, முத்திரைக் கட்டணம், வாய்தா என்று போகும்; தீர்ப்பு வந்தபின்னும் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுப் போட வேண்டியிருக்கும். 7,400 ரூபாய்க்கு இது கட்டுபடியாகாது. லட்சக் கணக்கில் பாக்கி வைத்த ஆலைக்காரர் என்றால் கட்டுபடியாகும். மற்ற வாசல் மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடாமலேயே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பி இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. சமரசம் ஏற்பட்டால் அது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அவர் வராமலே இருந்துவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பதே இதன் குறை. ஆனாலும் சின்னத் தொகைக்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. அரசு முத்திரையோடு ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்ததும் பணத்தோடு பட்டறைக்கே வந்தவர்கள் உண்டு.

எந்த வாசலுக்குப் போனாலும் காலம் முக்கியம். பணம் தரத் தேதி ஏதும் பேசியிருக்காவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். செக் வாங்கியிருந்தால் கணக்கு வேறு. செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். இதில் ஒரு கெடு தவறினாலும் செக்கின் பலம் பெரும்பாலும் போய்விடும். சிறு பட்டறைக்காரர்களில் பலர் முதல் 30 நாளை “அடுத்த வாரம் தருகிறேன்” என்ற பேச்சிலேயே இழந்துவிடுகிறார்கள். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது.

இப்போதெல்லாம் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபின் போன் செய்து தொகையைச் சொல்லாமல் ஒரு சுற்றுக் கம்பிகூட இழுப்பதில்லை. சம்மதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்த பிறகுதான் வேலை. கம்பிக்கான காசை அட்வான்சாக வாங்கிவிடுகிறேன். மேற்குச் சுவரோர மோட்டாருக்கு இவை எதையும் செய்யவில்லை.

அதன் ஷாஃப்டை வெள்ளிக்கிழமைதோறும் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறேன், புஷ் இறுகிவிடக் கூடாது என்பதற்காக. போன வாரம் உரிமையாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன்: 4,000 ரூபாய் கொண்டுவந்து மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு எழுதிக் கொடுங்கள், பிசானம் நடவுக்கு முன் கிணற்றில் இறக்கிவிடலாம் என்று. கடிதம் அவர் கைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தபால்காரர் சொன்னார்.