ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் பேசிய பேரம்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கல்யாணம், பல் டாக்டர், பேங்க் வேலை எல்லாம் குறையில்லாமல் முடிந்தன, அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காம்ப்ளெக்ஸ் மாடிப்படியில், கம்ப்யூட்டரில் கேம் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கனடாவின் மிசிசாகாவுக்குத் திரும்பி ஜெட் லேக் போய்விட்டது, அந்தப் படிக்கட்டு போகமாட்டேன் என்கிறது.

இது 2024 ஆகஸ்ட் கதை. அண்ணன் மகன் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், பட்ஜெட் 60,000, மானிட்டர் வீட்டில் இருக்கிறது. "அத்தையைக் கூட்டிட்டுப் போடா, அவளுக்கு அந்த ஏரியா அத்துப்படி" என்றார் அண்ணன். அத்துப்படிதான், 2005-ல். நானும் அவரும் அங்கேதான் பென்டியம் 4 அசெம்பிள் பண்ணினோம். 256 எம்பி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். பதினேழு இஞ்ச் பெட்டி மானிட்டர் ஆட்டோவில் என் மடியில்தான் வந்தது, தொடை இரண்டு நாள் வலித்தது. இப்போது கனடாவில் நான் பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்கு வேலை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றால் நம் வீடுகளில் யார் நம்புவார்கள்.

பையன் பட்டியலோடு தயாராக இருந்தான். மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரும்வரை பாடம் எடுத்துக்கொண்டே வந்தான். ப்ராசசர் ரைசன் 5 5600. ப்ராசசரைச் சொருகும் மதர்போர்டில் புது ரகமான ஏஎம்5-க்குப் போனால் புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம்தான் போட முடியும், இரண்டுக்குமாகச் சேர்த்து விலை ஏறிவிடும், அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போட்டால்தான் கேமில் தெரியும் என்றான். ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு. அப்போதுதான் ரேமுக்குப் போகும் இரண்டு பாதையும் (சேனல்) ஓடும். கடைக்காரர் 5600ஜி என்று ஒன்றை நீட்டினால் வாங்கிவிடாதே என்றான். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும், ஆனால் ப்ராசசருக்குள் இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 தான், கார்டோடு பேசும் பிசிஐ பாதையின் வேகமும் ஒரு தலைமுறை பின்னால். தனியாகக் கார்டு போடுகிறவனுக்கு அது வீண். "ஒரு எழுத்து மாறினாலே வேற சாமான் அத்தை." ஜன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினேன். மூன்று மணி நேரம் கழித்து அந்த வாக்கியம் என் காதில் மறுபடி ஒலித்தது.

கேசினோ தியேட்டர் பக்கத்துச் சந்துகள் அப்படியே இருக்கின்றன. தலைக்கு மேலே ஒயர் பந்தல், காலுக்குக் கீழே தெர்மோகோல், நடுவே டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றில் ஆளுயரத்துக்குப் பெட்டிகள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது; சென்டிமென்டா, சால்டரிங் புகையா தெரியவில்லை. "லேப்டாப்பா மேடம், சிசிடிவியா?" என்று நாலு பேர் வழி மறித்தார்கள். ஒருவர் "ஐ7 கேமிங் பிசி, மொத்தமே பதினெட்டாயிரம்" என்றார். பையன் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். நாலாம் தலைமுறை ஐ7-ஆம். 2013-ல் வந்தது; விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலேயே அது கிடையாது. கலர் கலராக விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நாலு கடையில் கொட்டேஷன் வாங்கி, ஒன்றைக் காட்டி இன்னொன்றில் குறைக்கும் வித்தை உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பு துண்டுச்சீட்டு, இப்போது வாட்ஸ்அப். ஐந்தாவது கடை பிடித்துப்போனது. கவுண்டரில் இருந்தவர் எங்களை உட்காரச் சொன்னார், ஃபேனைத் திருப்பி வைத்தார். ப்ராசசர், போர்டு, ரேம் எல்லாம் பையன் சொன்னபடியே. கார்டில் மட்டும் சிக்கல். அவன் கேட்டது ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600.

"அது ஸ்டாக் இல்ல தம்பி. ரிச்சி ஸ்ட்ரீட்லயே இல்ல. ஆர்டிஎக்ஸ் 3050 போட்டுக்கோங்க, என்விடியா கம்பெனி, பிரச்சனையே வராது."

பையன் முகம் சுருங்கியது. 6600 அளவுக்கு அது ஓடாது என்று முணுமுணுத்தான். எனக்கோ வெயில், பசி, இன்னும் ஒரு கடை ஏறத் தெம்பில்லை. நான் பேரத்தில் இறங்கினேன். 19,500 சொன்னார். எழுந்து வாசல்வரை போனேன். கூப்பிட்டார். 18,000-க்கு இறங்கினார். கனடாவில் இருபது வருஷமாக ஸ்டிக்கரில் போட்ட விலையைக் கொடுத்துக் கொடுத்து மழுங்கிப்போன கத்தி, இன்னும் வெட்டுகிறதே என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. பையனைப் பார்த்துக் கண்ணடித்தேன்கூட.

"பில் போடவா மேடம்? பில்லுன்னா 18 பர்சென்ட் சேரும்."

எங்கள் ஒன்டாரியோவிலும் 13 பர்சென்ட் வரியைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். ஆனால் வரி கட்ட இஷ்டமா என்று யாரும் கேட்டதில்லை. பில் இல்லாமல் வாரண்டிக்கு எங்கே போய் நிற்பது? போடச் சொன்னேன். கொட்டேஷன் விலையிலேயே வரி அடக்கம் என்று முதலில் சொன்னதை ஞாபகப்படுத்தியதும், "சரி சரி, உங்களுக்காக" என்று அதையும் ஒரு சலுகையாகக் கொடுத்தார். என் கிரெடிட் கார்டில் கொடுத்தால் 2 பர்சென்ட் கூடுதல் என்றார். அண்ணன் வீட்டிலிருந்தே ஜிபே பண்ணினார்.

அசெம்பிள் பண்ணுவது மேல்மாடியில். எட்டுக்கு எட்டு அறை, இருபது வயதுக்குள் ஒரு பையன், வாயில் ஸ்க்ரூ. ப்ராசசரை வைத்து, பேஸ்ட் தடவி, ஃபேன் மாட்டி, ரேமைச் சொருகியது எல்லாம் இருபது நிமிஷம். எங்கள் ஊரில் இதற்குத் தனிக் கட்டணம், இரண்டு நாள் காத்திருப்பு, "உங்கள் மெஷின் தயார்" என்று ஈமெயில். இங்கே இலவசம், கண் முன்னாலேயே. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கார்டு பெட்டியைப் பிரித்ததும் என் மருமகன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தை, இதுல பவர் கனெக்டர் இல்ல."

இல்லாவிட்டால் நல்லதுதானே, ஒரு ஒயர் மிச்சம் என்று நினைத்தேன். அவன் பெட்டியின் மூலையைக் காட்டினான். 6 ஜிபி. 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறதாம். 2022-ல் வந்தது 8 ஜிபி, 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 70 வாட். அவ்வளவு கரண்ட் போர்டிலிருந்தே கிடைத்துவிடும், அதனால்தான் தனி ஒயர் வேண்டாம். குறைந்தது மெமரி மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். உள்ளே கணக்குப் போடும் கோர்கள் 2560-க்குப் பதில் 2304, மெமரி பாதை 128 பிட்டுக்குப் பதில் 96. கணக்கு வேலை பார்க்கிறவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பத்தொன்பதரையிலிருந்து பதினெட்டுக்கு நான் வெட்டவில்லை. அவர் சாமானை வெட்டிவிட்டார்.

கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். ரேமுக்கு எத்தனை ஜிபி என்று இருந்தது, சேமிப்புக்கான எஸ்எஸ்டிக்கு இருந்தது, பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாட் இருந்தது. கார்டுக்கு வெறும் "3050". பில்லிலும் அதேதான்.

கீழே இறங்கினேன். அடுத்து நடந்த பேச்சில் அந்த மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. "இது 3050 தானே மேடம்?" ஆமாம். "எட்டு ஜிபின்னு நீங்க கேட்டீங்களா?" கேட்கவில்லை. "இதுதான் லேட்டஸ்ட், கரண்டும் கம்மி." அதுவும் சரி. சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பின்சுவரைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. சந்தனம் தெளித்த லட்சுமி படத்துக்கு நேர் கீழே ஒட்டியிருந்தது. சீல் பிரித்தாகிவிட்டது, டிஸ்ட்ரிபியூட்டர் ஒத்துக்கமாட்டார், கடை முதலாளி சேட் வரட்டும் கேட்கிறேன் என்றார். சேட் சாப்பிடப் போயிருந்தார்.

படிக்கட்டில் உட்கார்ந்தது அப்போதுதான். டொரண்டோ பக்கம் இப்படி ஒன்றென்றால், பிரித்த பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, காரணம் என்ன என்ற கேள்விக்குத் தோளைக் குலுக்கிவிட்டு வந்திருப்பேன். அதைச் சத்தமாகவே சொன்னேன்போல. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப அங்கயே வாங்கியிருக்கலாமே மேடம்" என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மருமகன் கத்தவில்லை. மூன்று தடவை உள்ளே போய், "அண்ணே, வித்தியாசம் எவ்வளவுன்னாலும் தர்றோம், 6600 மாத்திக் கொடுங்க" என்று ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல்லிவிட்டு வந்தான். நாலாவது தடவை சேட் வந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "2,500 போடுங்க" என்றார். கடைப் பையன் ஒருவனை "ஓடு" என்று விரட்டினார். ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே இல்லாத அந்த ஆர்எக்ஸ் 6600, ஐந்து நிமிஷத்தில், எதிர்ச் சந்திலிருந்து, சீல் பிரிக்காமல் வந்து சேர்ந்தது. இப்படி ஒரு சேவை கனடாவில் எந்தக் கடையும் எனக்குச் செய்ததில்லை என்பதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன். அங்கே இல்லை என்றால் இல்லைதான். இந்தத் தடவை பில்லில் கார்டின் முழுப் பெயர், 8 ஜிபி, சீரியல் நம்பர் மூன்றையும் நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்.

மேல்மாடிப் பையன் எங்களுக்காகச் சாப்பிடப் போகாமல் காத்திருந்தான். கார்டை மாட்டி, மெஷினின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் போய் ரேமை 3200 வேகத்துக்கு மாற்றிவைத்தான். அதை மாற்றாவிட்டால் வாங்கின வேகத்தில் ஓடாதாம், பாதிப் பேர் கவனிப்பதே இல்லையாம். கிளம்பும்போது ரகசியமாக ஒன்று சொன்னான். "வீட்ல பழைய யுபிஎஸ் இருந்தா நம்பாதீங்க மேடம். இந்த மாதிரி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சில யுபிஎஸ் ஒத்துக்காது, கரண்ட் போனதும் மெஷினும் சேர்ந்து ஆஃப் ஆயிடும். ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாத்துக்கோங்க." காசு நீட்டினேன், வாங்கவில்லை. கீழே இருந்தவரிடமும் இவனிடமும் ஒரே நாளில் பழகினால் மனுஷி எந்த முடிவுக்கு வருவது?

கேபினெட் பெட்டி ஆட்டோவில் என் மடியில்தான் வந்தது. அன்றிரவு பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். மெஷினும் சேர்ந்து ஆஃப் ஆனது. புது யுபிஎஸ் வாங்க அண்ணனே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கொட்டேஷனுக்காகக் கொடுத்த என் கனடா நம்பருக்குக் கடைக்காரர் இன்னும் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறார். நேற்று பூவுக்குப் பதில் ஒரு பெட்டியின் படம். "3050 புது ஸ்டாக் மேடம், உங்களுக்காக ஸ்பெஷல் ரேட்." எத்தனை ஜிபி என்று போடவில்லை.