அயோடின் அளவு அச்சிடப்படாத கெல்ப் கேப்சூல்: ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள ஒரு மருந்துக் கடையில், கடந்த ஆண்டு புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய வாரம் நான் வாங்கிய கெல்ப் கேப்சூல் குப்பியைப் பற்றிய மதிப்புரை இது. கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளரும் பெரிய பழுப்புப் பாசி. குப்பியில் 60 கேப்சூல்கள் இருந்தன. விலை 219 ராண்ட். தயாரிப்பாளரின் பெயரையும் கடையின் பெயரையும் நான் எழுதவில்லை. இதே குறையுள்ள வேறு இரண்டு குப்பிகளும் அதே தட்டில் இருந்தன. ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்ற இரண்டும் நல்லவை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

குப்பியை நான் எனக்காக வாங்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஆயா எழுபதைத் தாண்டியவர். புரட்டாசி முழுவதும் கவிச்சி தொடாத வீடு அவருடையது. "மீன் சாப்பிடாத மாசத்துல கடல் சத்து இதுல கெடைக்குமாம், கோயில்ல சொன்னாங்க. கடைக்குப் போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி" என்று கேட்டார், நானும் லேபிளைப் படிக்காமலே வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதன்பின் நடந்ததில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குப்பியின் முன்பக்கத்தில் தைராய்டு நலம், எடைக் கட்டுப்பாடு, முடி, நகம் என்று நான்கு வாக்குறுதிகள் இருக்கின்றன. பின்பக்கத்தில் இருப்பது "கடல் கெல்ப் தூள் 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு" என்ற ஒரு வரிதான். எந்த வகைக் கெல்ப், எந்தக் கரையில் எடுக்கப்பட்டது, ஒரு கேப்சூலில் எத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லை. அடியில் பொடி எழுத்தில், இது பதிவு செய்யப்படாத மருந்து என்றும், இதன் தரத்தையோ பாதுகாப்பையோ பயனையோ மருந்து ஒழுங்குமுறை ஆணையம் மதிப்பிடவில்லை என்றும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2013-இல் இத்தகைய துணை மருந்துகளுக்கு விதிகள் வந்தபின், இந்த வாசகத்தை அச்சிட வேண்டியது கட்டாயமாயிற்று. மருந்துக் கடையில் வெள்ளை அங்கி அணிந்தவருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் எதையும் யாரோ ஒருவர் சோதித்துப் பார்த்திருப்பார் என்று நாம் நம்பிவிடுவதால், அந்தப் பொடி எழுத்தின் பக்கம் கண் போவதில்லை.

பின்னொரு நாள் ஒரு கேப்சூலைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். பச்சையும் பழுப்பும் கலந்த மெல்லிய தூள். கடல் வற்றிய கரையில் வெயிலேறும்போது வரும் அதே வாடை. ஒரு கரண்டி தண்ணீர் விட்டதும் கால் மணி நேரத்தில் வழவழப்பாகத் திரண்டது. நான் பாம்பன் பக்கம் பிறந்தவன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவந்து மணலில் காயப்போடும் பெண்களிடையே வளர்ந்தவன் என்பதால், உள்ளே இருப்பது உண்மையான பாசித்தூள்தான் என்று என்னால் சொல்ல முடியும். கலப்படம் என்பது என் புகார் அன்று. ஒரு பாசிக்கும் இன்னொரு பாசிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர்ப் பெண்கள் பெயரிட்டுப் பிரித்து விலை பேசுவார்கள். இங்கே குப்பிக்குள் போனதும் எல்லாம் "கடல் கெல்ப்" என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது.

டர்பன் கரையில் கெல்ப் வளர்வதில்லை. அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பு அதற்கு ஒத்துவராது. கேப்டவுனை ஒட்டிய மேற்குக் கரையில், பெங்குவேலா நீரோட்டத்தின் குளிரில்தான் எக்லோனியா மாக்சிமா என்ற பெருங்கெல்ப் காடுபோல் நிற்கிறது. கரையொதுங்கியதை உலர்த்தி விற்பதும், அபலோனி என்னும் கடல் நத்தைப் பண்ணைகளுக்குத் தீவனமாக வெட்டுவதும், பயிருக்குத் தெளிக்கும் வளர்ச்சிச் சாறாகப் பிழிவதும் அங்கே பழகிய தொழில்கள். அந்தக் கரையின் கெல்ப்தான் இந்தக் குப்பியில் இருக்கிறதா, வேறு நாட்டிலிருந்து வந்த தூளா என்பது தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் அயோடின் அளவு வகைக்கு வகை, கரைக்குக் கரை, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

பாசிக்கும் அயோடினுக்கும் உள்ள உறவு பழையது. 1811-இல் பாரிஸில் பெர்னார் கூர்த்துவா, வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டபோது ஊதா நிற ஆவி எழுந்தது. அயோடின் என்ற தனிமம் அப்படித்தான் வெளிப்பட்டது. 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவான்தே, கழுத்துக் கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது, ஆனால் சிலருக்கு நெஞ்சு படபடத்து உடல் இளைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட இந்த இரண்டாவது பாதி, குப்பியின் லேபிளில் இடம்பெறவில்லை.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். தாண்டக்கூடாத மேல்வரம்பு அமெரிக்கக் கணக்கில் 1,100 மைக்ரோகிராம், ஐரோப்பியக் கணக்கில் 600. கடைகளில் விற்கும் பல்வேறு பாசிகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிராமுக்கு 16 மைக்ரோகிராம் அயோடின் கொண்ட நோரி என்னும் பாசித் தாளும் இருந்தது, 8,000-க்கு மேல் கொண்ட கெல்ப் குருணையும் இருந்தது. இந்தக் குப்பி சொல்லும்படி நாளுக்கு இரண்டு கேப்சூல் என்றால் ஒரு கிராம் தூள் உள்ளே போகிறது. அது போதாத அளவாகவும் இருக்கலாம், நாள் தேவையைப் போல் ஐம்பது மடங்காகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. அதுவும் இந்த நாட்டில் 1995 முதல் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். குழம்பிலும் ஊறுகாயிலும் ஏற்கெனவே அயோடின் வந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் எதற்கு என்ற கேள்வியை, வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆயாவுக்கு இளவயதிலிருந்தே கழுத்தில் சிறு கட்டி உண்டு. தொந்தரவு இல்லாததால் அதற்கு மருந்தும் இல்லை. புரட்டாசி முடிந்தும் அவர் கேப்சூலை நிறுத்தவில்லை, இரண்டாவது குப்பியைத் தம் பேத்தியிடம் சொல்லி வாங்கிக்கொண்டார். தீபாவளி முடிந்த வாரம் தேநீர்க் கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது. இரவில் தூக்கமில்லை, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது, பாவாடை நாடா இரண்டு விரல் உள்ளே இறங்கிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. "வேறென்ன சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டதற்கு, "மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல, கடல்பாசிதான்" என்றாராம் ஆயா. மருத்துவர் உடனே அதை நிறுத்தச் சொன்னார். பல்லாண்டுக் கட்டி உள்ள தைராய்டில் சில பகுதிகள் உடலின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் இயங்கும் நிலையில் இருக்கும். அயோடின் மிகுதியாகக் கிடைத்ததும் அவை ஓயாமல் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கிவிடும் என்று விளக்கினார். தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, சுரப்பு முடங்கிப் போகவும் கூடும். ஆயா மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறினார்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்புப் பாசியிலுள்ள ஃபுகோய்டன் என்னும் பொருள் நோய் எதிர்ப்பு சக்திக்கும் புற்றுநோய்க்கும் நல்லது என்று ஆராய்ச்சிகள் காட்டுவதாக அதில் எழுதியிருந்தது. ஃபுகோய்டனை 1913-இல் சுவீடனைச் சேர்ந்த கைலின் பிரித்தெடுத்தார். அதன்பின் ஆய்வகத் தட்டுகளிலும் எலிகளிலும் ஏராளமான சோதனைகள் நடந்திருக்கின்றன, அவற்றில் பல ஆர்வமூட்டுபவை. ஆனால் தட்டில் வளரும் செல்லுக்கு நேர்வது நம் உடலிலும் நேரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஃபுகோய்டனுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் இதனாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துண்டுத்தாளில் அந்தச் செய்தி இல்லை.

ஆய்வகத்துக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிய டர்பன்காரர்களாகிய நாம் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஈஸ்டர் வெள்ளியன்று மாரியம்மனைக் கும்பிடக் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, அதே இசிப்பிங்கோவில்தான் 2004 முதல் 2007 வரை ஒரு பெரும் சோதனையின் ஒரு பகுதி நடந்தது. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் காராகீனன், எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள் நுழைவதை ஆய்வகத்தில் தடுத்தது. அதைக் கொண்டு கராகார்ட் என்ற ஜெல் செய்து, உறவுக்கு முன் பெண்கள் தாங்களே பயன்படுத்திக்கொள்ளும்படி கொடுத்தார்கள். இசிப்பிங்கோ, கேப்டவுனின் குகுலேத்து, பிரிட்டோரியாவுக்கு வடக்கே சோஷாங்குவே ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 6,202 பெண்கள் பங்கேற்றார்கள். முடிவில், நூறு பெண்களை ஓராண்டு கவனித்தால் ஜெல் பெற்றவர்களில் 3.3 பேருக்கும், மருந்தில்லாத வெற்று ஜெல் பெற்றவர்களில் 3.8 பேருக்கும் தொற்று வந்திருந்தது. தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு அது. ஜெல் பாதுகாப்பானது, ஆனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கவில்லை என்று ஆய்வாளர்கள் ஒளிவு மறைவின்றி அறிவித்தார்கள். கொடுத்த ஜெல்லைப் பாதிக்கும் குறைவான வேளைகளில்தான் பெண்களால் பயன்படுத்த முடிந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் கிளினிக்குக்கு நடந்ததால் கிடைத்த பதில் அது. "ஆராய்ச்சிகள் காட்டுகின்றன" என்று குப்பிக்குள் எழுதுகிறவர்கள் அந்த உழைப்பை மதித்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லாச் சோதனைகளும் தோற்றுவிடவில்லை. காராகீனனின் வேறொரு வகையை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கி, கொரோனா காலத்தில் அர்ஜென்டினாவில் 394 மருத்துவமனை ஊழியர்களிடம் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கும் பெறாதவர்களில் 10 பேருக்கும் தொற்று வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. பழுப்புப் பாசிச் சர்க்கரையிலிருந்து செய்த ஒரு மறதிநோய் மருந்துக்குச் சீனா 2019-இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. அதன் பன்னாட்டுச் சோதனை 2022-இல் பாதியில் நின்றுபோனது.

ஐயத்துக்கு இடமில்லாமல் பயன் தரும் பாசிப்பொருள் ஒன்று அதே கடையில், இந்தக் குப்பிக்கு இரண்டு தட்டு கீழே இருந்தது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலைத்தான் சொல்கிறேன். ஆல்ஜினேட், கெல்ப் போன்ற பழுப்புப் பாசியின் செல் சுவரில் இருப்பது. 1881-இல் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை பெற்றார். இரைப்பைக்குள் போனதும் அமிலம் பட்டு அது கூழாகத் திரள்கிறது. உடன் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்து எழும் குமிழ்கள் அந்தக் கூழுக்குள் சிக்கி அதை மிதக்க விடுகின்றன. பாலில் ஏடு படிவதுபோல் அமிலத்தின் மேல் அது ஒரு மூடியாக நிற்பதால், அமிலம் தொண்டைக்கு ஏறுவது குறைகிறது. இரவு உணவுக்குப் பிறகு நானே சாப்பிட்டிருக்கிறேன். கொழகொழப்பும் சுண்ணாம்புச் சுவையும் பிடிக்காது, ஆனால் அரை மணி நேரத்துக்குள் நிம்மதியாகப் படுக்க முடிகிறது. ஒவ்வொரு 10 மில்லி லிட்டரிலும் எது எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் இருக்கிறது; சோடியம் அளவும் இருப்பதால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கேட்டுச் சாப்பிட முடிகிறது. நீர் கசியும் புண்ணுக்குப் போடும் கால்சியம் ஆல்ஜினேட் கட்டும் இதே பாசியின் வேறோர் உருவம்தான். புண்ணின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடுவதால், கட்டு மாற்றும்போது தோலைப் பிய்க்காமல் வந்துவிடுகிறது.

குப்பியில் இன்னொரு குறை, நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. கேப்சூலின் ஓடு ஜெலட்டின் என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாட்டினதா பன்றியினதா என்று இல்லை. விரதத்துக்காக வாங்கியவருக்கு இது எவ்வளவு வேதனை தரும் என்பதைப் புரட்டாசி பிடிப்பவர்கள் அறிவார்கள். ஆயாவிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. காராகீனனைக் கொண்டே தாவர ஓடு செய்யும் முறை உலகத்தில் இருக்கும்போது, பாசித்தூளை விலங்கின் ஓட்டில் அடைத்து, எந்த விலங்கு என்றும் சொல்லாமல் விற்க வேண்டிய தேவை இல்லை.

தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்பினேன்: எந்த வகைப் பாசி, அயோடின் எவ்வளவு, ஓடு எந்த விலங்கிலிருந்து. பதினொரு நாள் கழித்து, இயற்கைப் பொருள் என்பதால் அளவு ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும் என்று முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி வந்தது. மூன்றாவதற்குப் பதில் இல்லை. மாறும் என்பது உண்மையே. மாறுவதால்தான் ஒவ்வொரு தொகுதியையும் அளந்து அச்சிட வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன்; குப்பியின் முத்திரை ஒழுங்காக இருந்ததற்கும் காலாவதித் தேதி தெளிவாக இருந்ததற்கும் அந்த ஒன்று. கழுத்துக் கட்டி, தைராய்டு நோய், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து, இவற்றில் எது இருந்தாலும் இதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர்களுடைய மருந்துப் பையிலேயே இந்தக் குப்பியையும் போட்டு அனுப்புங்கள். மருத்துவர் கேட்டால் "மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.