மூணாறு குளிரில் கூடாரத் தங்கல்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

தை மாதக் குளிருக்குச் சூரியநெல்லிப் பக்கம் கூடாரத்தில் தங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். போடியிலிருந்து நாங்கள் இரண்டு குடும்பமாகப் போனோம். மீசைப்புலிமலை ஏற்றம், வனத்துறை அனுமதி, ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் சேர்த்து என்று விளம்பரம். ஜீபேயில் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

போனதும் அனுமதிச் சீட்டைக் கேட்டோம். "அதெல்லாம் நம்ம ஆளுங்கதான் சார், விடியுறதுக்குள்ள இருட்டோட கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் அங்கிருந்தவர். மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும். திருட்டுத்தனமாகக் கூட்டிப்போகிறவர், நடுவழியில் ஒருவருக்குக் கால் பிசகினால் யாரைக் கூப்பிடுவார்? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதே மலைத்தொடரின் தமிழ்நாட்டுச் சரிவில்தான். போடிக்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

கூடாரங்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடையோரப் பள்ளத்தில் அடித்திருந்தார்கள். காற்றடிக்காத தெளிந்த இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்குவது பள்ளத்தில்தான். மூணாறில் உறைபனியும் அங்கேதான் அதிகம் படியும். ஸ்லீப்பிங் பேக் தொட்டாலே ஈரம், முன்பு படுத்தவரின் வியர்வை வாடை வேறு. தரையில் வெறும் தார்ப்பாய். ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கீழே கனமாக ஒன்று விரிக்காமல் மேலே எவ்வளவு போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது.

இதுவரைக்கும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்றதும், அந்த ஆள் இரும்புச் சட்டியில் கரிக்கங்கை அள்ளிவந்து கூடாரத்துக்குள் வைத்தார். ஜிப்பையும் இழுத்து மூடப் போனார். "புகையே இல்ல சார், ஒண்ணும் ஆகாது." கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாமலே உயிர் போய்விடும். சட்டியை உடனே வெளியே தூக்கி வைத்தேன். பக்கத்துக் கூடாரத்திலும் ஒன்று இருந்தது. உள்ளே கல்லூரிப் பிள்ளைகள். தட்டி எழுப்பினால், "அண்ணே, அப்பவே தலை வலிச்சுது, குளிருக்குன்னு நினைச்சோம்" என்கிறான் ஒரு பையன். எனக்குக் கை கால் ஓடவில்லை.

சத்தம் கேட்டு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த அம்மா, "பச்சப் புள்ளைகள வச்சுக்கிட்டு இங்கயா கிடக்கப் போறீங்க, எந்திரிங்கய்யா" என்று எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டுத் தரையில், கம்பளிக்கு மேல் படுத்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சாப்பிட்டீங்கல்ல" என்று சொல்லிவிட்டு எங்கள் போன் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். விளம்பரம் இன்னும் ஓடுகிறது. இப்போது பிப்ரவரியில் இரவிகுளம் பூங்காவுக்குள் கூட்டிப்போவதாகவும் பணம் வாங்குகிறார்களாம். வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவதுதான் வழக்கம்.