கோஸ்டா ரிகாவின் நான்காம் அமர்வு: ஒரு சேவை மதிப்புரை
கோஸ்டா ரிகாவின் ஜனநாயக நிறுவனங்களைப் பயனாளியின் கண்ணால் மதிப்பிடுவதென்றால், சான் ஹோசேயில் இயங்கும் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்விலிருந்துதான் தொடங்க வேண்டும். 1989-இல் உருவான இதை மக்கள் ‘சாலா குவார்த்தா’, அதாவது நான்காம் அமர்வு, என்றே அழைக்கிறார்கள்.

மனு கொடுப்பதற்கு இதைவிட எளிய உயர் நீதி அமைப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நடந்தது என்ன, பறிபோன உரிமை எது, அதற்கு யார் பொறுப்பு என்பதை வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். உரிமை எதுவென்று தெளிவாக இருந்தால் சட்டப்பிரிவின் எண்ணைக்கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் மனுக்களைப் பெறுகிறார்கள். ‘அம்பாரோ’ எனப்படும் உரிமைப் பாதுகாப்பு மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டால், சம்பந்தப்பட்ட அதிகாரி 1 முதல் 3 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

இந்த எளிமை வெறும் அலங்காரம் அன்று. 1997-இல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து வழங்குமாறு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான ‘காஹா’வுக்கு இந்த அமர்வு உத்தரவிட்டது. 2004-இல் சட்ட மாணவர் ஒருவரும் பிறரும் தொடுத்த வழக்கில், ஈராக் போருக்கு அரசு அளித்த ஆதரவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

குறையும் இந்த எளிமையிலிருந்தே பிறக்கிறது. 1990-இல் 2,000-ஐச் சற்றே கடந்திருந்த வழக்குகள், அண்மை ஆண்டுகளில் 20,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் கணிசமானவை, அறுவை சிகிச்சைக்கும் நிபுணரின் சந்திப்புக்கும் காத்திருப்போர் காஹாவுக்கு எதிராகத் தொடுப்பவை. வென்றவருக்குத் தேதி கிடைக்கிறது. மனு எழுதத் தெரியாமல் அவருக்கு முன்னால் காத்திருந்தவரோ பின்னுக்குத் தள்ளப்படுகிறார். வரிசை குறையவில்லை, வரிசைக்குள் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதை நீதி என்று முழுமனதோடு சொல்ல எனக்குத் தயக்கமுண்டு.

நீதிபதிகள் எழுவரையும் 8 ஆண்டுகளுக்குச் சட்டமன்றமே தேர்ந்தெடுப்பதால் அரசியல் நிழலும் படாமலில்லை. 2012 நவம்பரில் நீதிபதி பெர்னாண்டோ குருஸின் பதவியை நீட்டிக்க மறுத்து 57 உறுப்பினர்களில் 38 பேர் வாக்களித்தனர். அம்முடிவு நீதிமன்றத்தில் நிற்காததால் அவர் பதவியில் தொடர்ந்தார்.

பயன்படுத்த நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதகமான தீர்ப்பு வந்ததும் ஓய்ந்துவிடக் கூடாது. உத்தரவை மீறுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்தான் என்றாலும், அது நிறைவேறவில்லை என்பதை அமர்வுக்கு மீண்டும் எழுதித் தெரிவிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மனுதாரரின் தலையில்தான் விழுகிறது.