பென் எஃப், எட்டு வருடம் கழித்து: மைதானியின் கணக்கு எங்கே போனது?

என்னிடம் இருக்கும் ஒலிம்பஸ் பென் எஃப் டிஜிட்டல் கேமராவோடு எட்டு வருடம் ஓடிவிட்டது. 2016ல் வந்த மாடல். அடுத்த வருடம் ஒருவர் கைமாற்றிவிட்டதை நான் வாங்கினேன். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் முழுக்கப் புகழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். நல்லவேளை, எழுதவில்லை. இடையில் ஃபிலிம் காலத்துப் பென் ஈ.ஈ.3 ஒன்று கைக்கு வந்தது. அப்புறம் ரிக்கோ ஜி.ஆர் 3 என்ற சின்ன டிஜிட்டல் கேமராவை வாங்கினேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் புழங்கிய பிறகுதான், பென் என்ற கேமராவை முதலில் வடிவமைத்த யோஷிஹிசா மைதானி என்ன நினைத்திருப்பார் என்பது கொஞ்சம் பிடிபட்டது.

மைதானியைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1956ல் ஒலிம்பஸில் சேர்ந்த இளைஞர். கையில் வைத்திருந்தது லைக்கா, விலையுயர்ந்த ஜெர்மன் கேமரா. அதற்குத் துணையாக எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கேமரா வேண்டும், விலை 6,000 யென்னில் இருக்க வேண்டும், ஆனால் லென்ஸ் மட்டும் லைக்காவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் பணத்தை முதலில் லென்ஸில் கொட்டினார். மிச்சம் இருந்ததில்தான் உடம்பு. ஃபிலிமை நகர்த்த நெம்புகோல் வைக்கக் காசு கட்டாது என்றதும், பின்புறம் கட்டைவிரலால் உருட்டும் பல்சக்கரம் ஒன்றை வைத்தார். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பதியும் சட்டத்தை (ஃபிரேமை) பாதியாக்கி 18க்கு 24 மி.மீ. ஆக்கினார். 36 படச் சுருளில் 72 படம். தொழிற்சாலைப் பொறுப்பாளர் இதைப் பொம்மை மாதிரிப் பார்த்தாராம். அதனால் 1959ல் வந்த முதல் பென்னின் ஆரம்பத் தயாரிப்பு வெளியே வேறொரு நிறுவனத்துக்குப் போனது.

ஆக, பென்னில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சில்லறைக் கணக்கு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் பென் எஃபைப் பார்க்க வேண்டும்.

பார்க்க அழகு. அதில் சந்தேகமே இல்லை. வெளியே ஒரு திருகாணி கண்ணில் படாது. திருப்பி மூடினால் திரையின் முதுகிலும் தோல் ஒட்டியிருக்கும். அப்போது அது டிஜிட்டல் கேமரா என்று சொன்னால்தான் தெரியும். இடது தோளில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் போல இருப்பது உண்மையில் ஆன்–ஆஃப் சுவிட்ச். ஷட்டர் பொத்தானில் பழைய காலத்துக் கேபிள் மாட்ட மரையும் உண்டு. பேட்டரியோடு 427 கிராம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது. விளக்கொளியில் அரை விநாடி வரை கையில் பிடித்தே எடுத்திருக்கிறேன்.

ஆனால் முன்பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. எட்டு வருடமாக நான் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1963ல் மைதானி செய்த ஃபிலிம் பென் எஃப், அரைச் சட்ட எஸ்.எல்.ஆர். அதாவது, லென்ஸ் வழியே வரும் காட்சியையே கண்ணாடி வைத்துக் கண்ணுக்குக் காட்டும் வகை. மற்ற எஸ்.எல்.ஆர்.களுக்குத் தலையில் இருக்கும் கூம்பு அதற்குக் கிடையாது. கண்ணாடியை மேல்நோக்கித் தூக்காமல் பக்கவாட்டில் மடங்க வைத்து, ஒளியை வேறு வழியில் சுற்றவிட்டார். டைட்டானியத் தகட்டாலான சுழல் ஷட்டரை வைத்ததால், ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரமும் முன்பக்கம் வந்தது. உள்ளே இருக்கும் இயந்திரம் எங்கே வெளியே தலைகாட்டியதோ அங்கேதான் சக்கரம்.

டிஜிட்டல் பென் எஃபிலும் அதே இடத்தில் சக்கரம் உண்டு. ஆனால் அதைத் திருப்பினால் ஷட்டர் வேகம் மாறாது. கறுப்பு வெள்ளை, வண்ண அமைப்பு, கலை விளைவுகள் என்று படத்தின் சாயம் மாறும். மூல கேமராவில் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்று தீர்மானித்த இடம், இங்கே படத்துக்கு என்ன சட்டை போடலாம் என்று கேட்கிறது. இந்த ஒரு சக்கரத்தைப் பார்த்தாலே போதும், பெயரையும் உருவத்தையும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சொல்லிவிட்டேன் என்றாலும், அந்தக் கறுப்பு வெள்ளையை நான் தினமும் பயன்படுத்துகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது மோனோ அமைப்பில் ஃபிலிம் துகள் மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். மழைக்கால மதியத்தில் வெளுத்த சுவர்களை எடுத்தால் அப்படி இருக்கும்! ஒருமுறை சித்தப்பா மகள் கல்யாணத்தில், சக்கரம் திரும்பியிருப்பதைக் கவனிக்காமல் தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துத் தொலைத்தேன். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும் சேர்த்துச் சேமிக்கும் பழக்கம் இருந்ததால் வண்ணம் மீண்டது. பையிலிருந்து எடுத்ததும் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், என் அவசரம்.

மெனுவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. காட்டுக்குள் நடப்பது மாதிரி. முதல் மாதத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மழைக்கும் தூசிக்கும் காப்பு கிடையாது, அதனால் நவம்பரில் சென்னையில் கொஞ்சம் பயந்துதான் வெளியே எடுப்பேன்.

இப்போது ஈ.ஈ.3. இது 1973ல் வந்த மாடல். ஆனால் இதன் மூலம் 1961ல் மைதானி கொண்டுவந்த பென் ஈ.ஈ. பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களும் படம் எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். லென்ஸைச் சுற்றி ஈ கண் போலப் புள்ளி புள்ளியாக இருப்பது செலீனியம் செல். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாகும், பேட்டரி வேண்டாம். ஃபோகஸ் நிலையானது. ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு: 1/40, 1/200. எந்த வேகம் என்று அதுவே முடிவு செய்யும்.

வெளிச்சம் போதவில்லை என்றால் என்ன செய்யும் தெரியுமா? பார்வைத் துளையில் கீழேயிருந்து சிவப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்க்கும். பொத்தான் இறங்காது. அவ்வளவுதான். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோவில் குளத்தங்கரையில் நின்றுகொண்டு அந்தச் சிவப்பு நாக்கைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன். கெட்டுப்போகப் போகும் படத்துக்கு ஃபிலிமை வீணாக்காதே என்று சொல்லும் கேமரா. ஒரு சுருள் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும் இந்தக் காலத்தில் அந்த நாக்கின் அருமை நன்றாகவே தெரிகிறது. (பழையது வாங்க நினைப்பவர்களுக்கு: லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். நாக்கு வெளியே வராவிட்டால் வாங்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பிசுபிசுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.)

போன பொங்கலுக்கு இரண்டு கேமராவையும் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். பென் எஃபில் கண்ணை வைத்தாள். தொடுதிரையால் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் வசதியை நான் இயக்கி வைத்திருந்ததால், அவள் மூக்கு பட்டு புள்ளி எங்கோ ஓரத்துக்குப் போய்விட்டது. பானை தெளிவில்லாமல் பின்னால் இருந்த சைக்கிள் பளிச்சென்று வந்தது. "உன் கேமரா எனக்கு வேண்டாம்டா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஈ.ஈ.3ஐக் கொடுத்தேன். "இதுல எங்கடா அழுத்தணும்?" என்று ஒரே ஒரு கேள்விதான். அழுத்தினாள். கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். நேராகப் பிடித்தாலே நெடுக்குவாட்டில் சட்டம் வருவது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. ஃபோனில் அப்படித்தானே எடுக்கிறாள்.

அந்த நெடுக்குச் சட்டத்தை டிஜிட்டல் பென் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. 2009 ஜூனில் முதல் டிஜிட்டல் பென் ஈ–பி1 அறிமுகமானபோதே சட்டம் படுக்கைவாட்டுக்கு வந்துவிட்டது. ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சென்சார் 17.3க்கு 13 மி.மீ.; பழைய அரைச் சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதி. அந்த அறிமுகம் நடந்து ஆறு வாரத்தில், ஜூலை 30 அன்று மைதானி காலமானார். 2024ல் பென்டாக்ஸ் 17 என்று புதிய ஃபிலிம் கேமரா ஒன்று வந்தது. 17க்கு 24 மி.மீ. நெடுக்குச் சட்டம், கையால் இழுக்கும் நெம்புகோல், தூரத்தைப் படக்குறிகளால் தேர்ந்தெடுக்கும் ஃபோகஸ். நண்பரிடம் வாங்கி ஒரு சுருள் எடுத்தேன். ஒலிம்பஸ் பெயர் இல்லாமலே பென்னுக்கு நெருக்கமாக இருக்கிறது. விலையைத் தவிர, வந்தபோது இருந்த சுமார் 500 டாலர் என்பது துணைக் கேமராவுக்கான காசு இல்லை.

ஜி.ஆர் 3ஐ ஏன் இதில் இழுக்கிறேன் என்றால், மைதானியின் இன்னொரு குழந்தையான எக்ஸ்.ஏ.வால். 1979ல் வந்தது. 35 மி.மீ. ஃபிலிம் முழுச் சட்டம், எஃப் 2.8 லென்ஸ், தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய ரேஞ்ச்ஃபைண்டர், எல்லாம் சட்டைப்பைக்குள். உறை வேண்டாம், மூடி வேண்டாம். முன்னால் இருக்கும் தகட்டை நகர்த்தினால் கேமரா தயார். எப்போதும் உடம்போடு இருக்கும் கேமரா என்பதுதான் அதன் எண்ணம். ஜி.ஆருக்கும் மைதானிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது 1996ல் வந்த ரிக்கோ ஜி.ஆர்1 ஃபிலிம் கேமராவின் வாரிசு. ஆனாலும் 257 கிராம்தான். கழுத்துப் பட்டையில்லாமல் என் கால்சட்டைப் பையில் ஒழுங்காக உட்காரும். ஜூம் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, பார்வைத் துளையும் இல்லை. கொடுத்த காசு லென்ஸிலும் பெரிய சென்சாரிலும் போயிருக்கிறது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஸ்னாப் ஃபோகஸை இரண்டு மீட்டரில் வைத்துவிட்டு, பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் படம் விழும். டீக்கடைக்காரர் உயரத் தூக்கி ஆற்றும்போது டம்ளருக்கும் குவளைக்கும் நடுவே அந்த ஒற்றைக் கோடு நிற்குமே, அதைப் பென் எஃபில் நான் ஒருமுறை கூடச் சரியாகப் பிடித்ததில்லை. ஜி.ஆரில் வாரம் ஒன்று கிடைக்கிறது. பேட்டரிதான் மகா மோசம். நிறுவனக் கணக்கிலேயே 200 படம்தான். எக்ஸ்.ஏ.வைக் கையில் வைத்துப் பழகியவர்கள் இரண்டு பொத்தான் பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள்.

பென் எஃபை விற்றுவிடலாமா என்று வருடத்துக்கு ஒரு முறை யோசிப்பேன். விளம்பரத்துக்காக அதைத் துடைத்துப் படம் எடுக்க உட்காரும்போது மனசு மாறிவிடும். வீட்டில், மேஜை மேல், நிதானமாக எடுக்க அதைவிடச் சுகமானது என்னிடம் இல்லை. வெளியே போகும்போது கை ஜி.ஆருக்குத்தான் போகிறது.

ஈ.ஈ.3க்குள் பொங்கலுக்குப் போட்ட சுருள் இன்னும் முடியவில்லை. 72ல் 23 பாக்கி. தான் எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று அம்மா ஃபோனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.