ரோத்தன்பர்க்கா, நோர்ட்லிங்கனா?

ஜெர்மனி போகிறோம் என்றாலே போய்வந்தவர்கள் ‘ரோத்தன்பர்க்கை விட்டுடாதீங்க’ என்பார்கள். தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ரொமான்டிக் ரோடு என்கிற சுற்றுலாப் பாதையில் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள் மூன்று இருக்கின்றன: வடக்கே ரோத்தன்பர்க், அடுத்து டிங்கெல்ஸ்பூல், அதற்கும் தெற்கே நோர்ட்லிங்கன். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நோர்ட்லிங்கனைக் கைகாட்டுவேன்.

மூன்றுமே ஒரு காலத்தில் எந்தக் குறுநில மன்னனுக்கும் அடங்காமல் நேரே புனித ரோமானியப் பேரரசருக்குக் கட்டுப்பட்ட சுதந்திர நகரங்கள். வியாபாரத்தில் கொழித்தவை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அவற்றின் முதுகெலும்பை முறித்தது. அப்புறம் வணிகமும் வேறு பக்கம் போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் பல ஊர்கள் மதிலை இடித்து விரிந்தபோது, இங்கே விரிய ஆளும் இல்லை, காசும் இல்லை. இன்று டூரிஸ்ட் பஸ்கள் வந்து நிற்பது அந்த வறுமையின் புண்ணியத்தில்தான்.

அழகுப் போட்டி வைத்தால் ரோத்தன்பர்க்குக்குத்தான் பரிசு. பிளோன்லைன் என்கிற முனையில் தெரு இரண்டாகப் பிரிய, நடுவே சாய்ந்த மஞ்சள் வீடு, இருபுறமும் கோபுர வாசல்கள். காலண்டரில் பார்த்தது அப்படியே நிற்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் ஏறக்குறைய 40 சதவீதம் அழிந்தது. அமெரிக்கப் போர்த்துறையில் இருந்த ஜான் மெக்லாய்க்குத் தன் அம்மா மூலம் இந்த ஊரின் அருமை தெரிந்திருந்ததால் மிச்சம் பீரங்கிக்குத் தப்பியது. இடிந்த மதிலை நன்கொடை வாங்கிக் கட்டினார்கள். கூரை போட்ட மதில் நடையில் போனால், உபயதாரர் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக வரும். ஜப்பானியப் பெயர்கள்கூட உண்டு. நம்மூர்க் கோயில் டியூப்லைட் ஞாபகம் வராமல் இருக்காது.

முப்பதாண்டுப் போரின்போது 1631-இல் ஊரைப் பிடித்த கத்தோலிக்கப் படைத் தளபதி டில்லியின் மனம் இரங்க, முன்னாள் மேயர் மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்தாராம். பின்னால் கட்டிய கதை. அதைக் கடிகாரப் பொம்மைகள் நடித்துக் காட்டுவதை அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் புனித யாக்கோபு தேவாலயத்துக்குப் போய்விடலாம். அங்கே சிற்பி ரீமன்ஷ்னைடர் வண்ணம் பூசாத மரத்தில் செதுக்கிய பலிபீடத்தில், இயேசுவின் கடைசி விருந்துக் காட்சியின் மையத்தில் நிற்பவன், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்!

நோர்ட்லிங்கன் இவ்வளவு மினுக்காது. ஆனால் அதன் மதில் சுமார் 2.7 கிலோமீட்டர், ஓரிடத்திலும் இறங்காமல் முழு வட்டமும் மேலேயே நடந்து வரலாம். ஊர் உட்கார்ந்திருப்பதோ, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான, 24 கிலோமீட்டர் அகலமுள்ள ரீஸ் பள்ளத்துக்குள். எரிமலை வாய் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1960-இல்தான், பயங்கர அழுத்தத்தில் மட்டும் உருவாகும் கோயசைட் கனிமத்தைக் காட்டி, விண்கல்லின் வேலை என்று நிலவியல் அறிஞர்கள் ஷூமேக்கரும் சாவோவும் நிரூபித்தார்கள். 1970-இல் நிலாப் பயணத்துக்காக அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பாறை பார்த்துப் பழக வந்ததும் இங்கேதான்.

புனித ஜார்ஜ் தேவாலயமே அந்த மோதலில் பிறந்த சூவைட் கல்லால் கட்டியது. சாம்பல் நிறம், நடுநடுவே கண்ணாடித் துணுக்குகள். உள்ளே வைரமும் இருக்கிறது. நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற பொடி வைரம் என்பதால் சுரண்டிப் பார்த்துப் பயனில்லை. ‘டேனியல்’ என்கிற அதன் 90 மீட்டர் கோபுரத்தில் சுமார் 350 படி ஏறினால் வட்ட ஊரும், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பு மேடும் ஒரே பார்வையில் பிடிபடும். முட்டிவலிக்காரர்கள் மதிலோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை காவல்காரர் மேலிருந்து குரல் கொடுக்கும் வழக்கமும் அற்றுப்போகவில்லை.

டிங்கெல்ஸ்பூல்? போர்க் குண்டுக்குத் தப்பிய அமைதியான ஊர். 1632-இல் சுவீடன் படையிடம் குழந்தைகள் கெஞ்சி ஊரைக் காப்பாற்றியதாக ஜூலையில் திருவிழா எடுக்கிறார்கள். அப்போது போவதானால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

நோர்ட்லிங்கனுக்கு டோனாவோர்ட் வழியாக ரயில் உண்டு. ரோத்தன்பர்க்குக்கு ஸ்டைனாக்கில் மாற வேண்டும். ரோத்தன்பர்க்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், சரி, ஓர் இரவு தங்கும்படி போங்கள். பகல் கூட்டம் பஸ் ஏறிய பிறகுதான் அந்தத் தெருக்களில் தோள் இடிக்காமல் நடக்க முடியும்.