ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தை

ஆறு வருடம் கழித்து, இந்த மார்கழியில்தான் ஊருக்குப் போக முடிந்தது. டொரண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் வேலை. என்னை வளர்த்த அத்தை இருப்பதும் ஒரு முதியோர் இல்லத்தில்தான். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், கடலோரம் இருக்கிறது அது.

இல்லம் மோசமில்லை. விரிப்புகள் சுத்தம், மதியம் மீன் குழம்பு உண்டு, காற்றோட்டமான கூடம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, அவசரமென்றால் மதுரைக்கு ஓடுவது குறைந்திருக்கிறது என்றார்கள். இரவில் மட்டும் 14 பேருக்கு ஒரே ஒரு அக்கா. அது போதாது. அதை அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தைக்குப் பனங்கிழங்கு வாங்கிப் போயிருந்தேன். பல் இல்லை, எப்படிச் சாப்பிடுவார் என்று யோசிக்கவே இல்லை. அந்த அக்கா வாங்கிப்போய், வேகவைத்து, நார் உரித்து, தேங்காயும் சீனியும் போட்டு இடித்துக் கொண்டுவந்தார். அத்தை ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டார். நடுவே என்னைக் காட்டி, "இவ வராத நாள்ல இவதான் எனக்குத் தாயி" என்றார் அக்காவைப் பார்த்து.

அந்த அக்காவிடம்தான் கொரோனா காலத்தைக் கேட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், வேலை செய்யும் பெண்கள் உள்ளேயே தங்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. "மூணு மாசம் வீட்டுக்குப் போகல தாயி. எம்மவன் ரோட்டுல நின்னு கையாட்டிட்டுப் போவான்." முதல் அலையில் அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை கழுவச் சொன்னார்கள். ஆனால் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீரை மொண்டு கை கழுவியிருக்கிறார்கள். டொரண்டோவில் எங்கள் இல்லத்தில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். அப்படியிருந்தும் எங்களால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியவில்லை!

இரண்டாம் அலையில், 2021 மே மாதம், இங்கேயும் நோய் நுழைந்துவிட்டது. அதற்குள் பெண்கள் தினமும் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்திக்குத் தொண்டை கரகரப்பு. சொன்னால் வீட்டுக்கு அனுப்புவார்கள், வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சொல்லாமலே ஊட்டிவிட்டிருக்கிறாள். வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டி எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தார்கள், யாருக்கும் இல்லை. வயதானவர்களுக்குப் பல சமயம் காய்ச்சலே வராது என்பதை நாங்கள் கனடாவில் பட்டுத்தான் கற்றோம். சோறு வேண்டாம் என்பார்கள், நடக்கும்போது தடுமாறுவார்கள், திடீரென்று பேச்சு குழறும். அதுதான் அறிகுறி. இங்கே ஒரு தாத்தா இரண்டு நாள் கஞ்சியைத் தள்ளிவிட்டிருக்கிறார். வீம்பு என்று நினைத்துவிட்டார்கள். அவரும் இன்னொரு பாட்டியும் போய்ச் சேர்ந்தார்கள். 60 தாண்டியவர்களுக்கு மார்ச் 1 முதலே ஊசி போட ஆரம்பித்திருந்தாலும், அந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை.

அந்தப் பெண்ணை என்னால் திட்ட முடியாது. கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் சுமார் 80 விழுக்காடு முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். சம்பளம் போதாமல் எங்களில் பலர் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்தோம். நோயும் கூடவே வந்தது. ஒருவர் ஒரு இல்லத்தில் மட்டும்தான் வேலை செய்யலாம் என்று, டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் 2020 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அப்படியும் சில இல்லங்களுக்கு ராணுவத்தை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பணக்கார நாட்டிலும் ஓட்டை இதே இடத்தில்தான் இருந்தது.

கதவை அடைத்ததிலும் ஒரு கேடு உண்டு. அப்போது என் தம்பி வாரம் ஒருமுறை வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பானாம். அத்தைக்குக் காது மந்தம், வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மாஸ்க் போட்ட தம்பி யாரென்றே தெரியாமல், "யாருப்பா நீ, யார் வேணும்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டே மாதத்தில் நடையும் நின்றுவிட்டது. சொந்தத்தில் ஒருவரையாவது பாதுகாப்போடு உள்ளே விட்டிருக்கலாம். ஒன்டாரியோவில் பிறகு அப்படித்தான் செய்தார்கள்.

இங்கிருந்து ஏர்வாடி கொஞ்ச தூரம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநல விடுதியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். பூட்டை நல்லதுக்குத்தான் போட்டோம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் நிர்வாகியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அக்காமாருக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம். "கட்டுப்படியாகாதும்மா" என்றார். சரி, அப்போ நாங்கள் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, 14 குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறேன். துபாய், மலேசியா, சென்னை என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். இதுவரை ஐந்து பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.